கம்பி தெரியும் சீலிங்: மேஸ்திரி போதுமா, எஞ்சினியர் வேண்டுமா?

கேள்வி, 2025 ஜூன் 13

ராமநாதபுரம் கடற்கரையில் உச்சிப்புளிப் பக்கம் எங்கள் வீடு. 2003-ல் கட்டியது, தரைத்தளம் மட்டும். ஹால் சீலிங்கில் நீளவாக்கில் ஒரு விரிசல் ரொம்ப நாளாக இருந்தது. போன மாதம் அதே இடத்தில் காரை பெயர்ந்து விழுந்து கம்பி தெரிகிறது. மேஸ்திரி, "தேய்ச்சு ரெட் ஆக்சைடு அடிச்சுப் பூசிடலாம், ரெண்டு நாள் வேலை" என்கிறார். மச்சான், ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியரைக் கூட்டி வந்து காட்டு என்கிறார். தம்பி குவைத்திலிருந்து வந்ததும் மேலே ஒரு மாடி எடுக்கிற யோசனையும் இருக்கிறது. இந்த வீட்டுக்கெல்லாம் எஞ்சினியர் எதுக்கு, தண்டச் செலவுதானே? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

2025 ஜூன் 14

பூச வேண்டாம். மேஸ்திரிக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தால் அந்தக் காசுக்கு வேறு வேலை வாங்கிக்கொள்ளுங்கள். எஞ்சினியர் பார்க்கும்வரை அந்தச் சீலிங்கில் யாரும் கரண்டி வைக்கக் கூடாது.

விரிசல் நேர்கோடாகப் போகிறது, காரை அதே கோட்டில் விழுகிறது, உள்ளே கம்பி ஓடுகிறது. இந்த மூன்றும் ஒத்துப்போனால் விரிசலுக்குக் காரணம் கம்பிதான். இரும்பு துருவாக மாறும்போது முன்பு இருந்ததைவிட இரண்டு மடங்கிலிருந்து ஆறு மடங்குவரை இடம் கேட்கும். சுற்றியுள்ள கான்கிரீட்டுக்கு நசுக்கலைத் தாங்கத் தெரியும், உள்ளிருந்து பிளப்பதைத் தாங்காது. முதலில் மயிரிழைபோல ஒரு கோடு, அப்புறம் நகம் நுழையும் இடைவெளி, அப்புறம் பாளமாகக் கீழே விழும். ரெட் ஆக்சைடு கண்ணுக்குத் தெரியும் பக்கத்தில் மட்டும்தான் படும். கம்பியின் முதுகுப் பக்கம் கடல் உப்பேறிய பழைய கான்கிரீட்டிலேயே புதைந்து கிடக்கும், துரு அங்கே தொடரும்.

மாடி எடுப்பது தனிக் கேள்வி, அதற்கும் எஞ்சினியர்தான் பதில் சொல்ல வேண்டும். 9 அங்குலச் செங்கல் சுவர் 10 அடி உயரத்துக்கு எழுப்பினால் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 1.4 டன் எடை. அந்த எடை எந்த பீமில் இறங்கும், அந்த பீமுக்குக் கீழே என்ன இருக்கிறது, அஸ்திவாரம் எவ்வளவு அகலம் என்று பார்க்காமல் ஒரு செங்கல்கூட மேலே போகக் கூடாது.

நான் எஞ்சினியர் இல்லை. மண்டபம் ஊரில் வெகுகாலம் கம்பி, சிமெண்ட் கடை நடத்தியவன். எங்கள் சொந்த வீட்டிலேயே இந்தக் கதை நடந்தது, நேரம் கிடைக்கும்போது எழுதுகிறேன்.

2025 ஜூன் 14, இரவு

ஒன்று விட்டுப்போனது. அந்த இடத்துக்கு நேர் கீழே கட்டில், தொட்டில் எதுவும் இருந்தால் இன்றைக்கே நகர்த்துங்கள். ஃபேன் கொக்கி அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் ஃபேனைக் கழற்றிவிடுங்கள். ஜூன் மாதத்தில் ஃபேன் இல்லாமல் எப்படி என்று வீட்டில் சத்தம் வரும். வேறு அறையில் படுங்கள்.

2025 ஜூன் 16

தேவிபட்டினத்திலிருந்து ஒருவர் கோபித்திருக்கிறார், விரிசல் என்றாலே எஞ்சினியர் என்று பயமுறுத்துகிறேனாம். அப்படிச் சொல்லவில்லை. வீட்டில் தெரியும் விரிசல்களில் பாதிக்கு மேல் மேஸ்திரியே பார்த்துக்கொள்ளக் கூடியவை. பூச்சில் வலைப்பின்னல்போல ஓடும் மெல்லிய கோடுகள் சிமெண்ட் அதிகம் போட்டோ சரியாகத் தண்ணீர் காட்டாமலோ வந்தவை. தூணும் செங்கல் சுவரும் சேரும் இடத்தில் மேலிருந்து கீழாக ஒரு நேர்க்கோடு வரும், இரண்டு பொருளும் வெயிலில் வேறு வேறு அளவில் விரிவதால். கம்பி வலை வைத்துப் பூசினால் அடங்கும். மொட்டைமாடித் தளத்துக்கு அடியில், சுவர் மேல் விளிம்பில் படுக்கையாக ஓடும் கோடும் அப்படித்தான். தளம் வெயிலில் நீண்டு சுவரைத் தள்ளுகிறது. தண்ணீர் இறங்காமல் அடைத்து, மாடியில் வெள்ளை அடித்துச் சூட்டைக் குறைத்தால் போதும்.

கூப்பிட வேண்டியது எதற்கு என்றால், தூணில் மூலைக் கம்பியை ஒட்டி நெட்டுக்குத்தாக வரும் விரிசலுக்கு. பீமில், சுவரில் அமரும் முனைக்குப் பக்கத்தில் சாய்வாக ஏறும் விரிசலுக்கு. இந்த இரண்டில் எது வந்தாலும் நாளைக்குப் பார்ப்போம் என்று தள்ளக் கூடாது. சுவரில் படிக்கட்டுபோல மூலைவாட்டாக ஏறி, ஒரு முனை அகலமாகவும் மறுமுனை ஒடுங்கியும் இருந்தால் அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்குகிறது. கதவு திடீரென்று பிடிக்க ஆரம்பித்தால் மழையில் மரம் உப்பியதா, சட்டமே சாய்ந்ததா என்று பாருங்கள். அப்புறம் உங்களுடையது போல, கம்பி வழியே போகும் விரிசல். சீலிங்கில் பழுப்புக் கறை கோடாக வந்தாலே போதும், காரை விழும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

2025 ஜூன் 21

எங்கள் வீட்டுக் கதை.

அப்பா 1994-ல் கட்டியது. கடல் கூப்பிடு தூரம். வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில்தான் கலவை போட்டார்கள், வாயில் வைத்தால் கரிக்கும். மணல் பக்கத்து மேட்டிலிருந்து வண்டியில் வந்தது. அன்றைக்கு ஊரில் எல்லா வீடும் அப்படித்தான் எழுந்தது. குடிக்கவே நல்ல தண்ணீருக்குக் குடம் தூக்கிய காலத்தில் கான்கிரீட்டுக்கு யார் லாரித் தண்ணீர் வாங்கினார்கள்?

முதலில் அடுப்படிச் சீலிங் பெயர்ந்தது. பூசினோம். சில வருடம் கழித்து அதற்குப் பக்கத்தில் பெயர்ந்தது. மறுபடி பூசினோம். சிமெண்ட் நம் கடையிலேயே இருந்ததால் செலவாகவும் தெரியவில்லை. அப்புறம் ஒருநாள் முன்வாசல் சன்ஷேடின் ஒரு துண்டு அம்மா கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்த கொஞ்ச நேரத்தில் விழுந்தது. அன்றைக்குத்தான் மதுரையிலிருந்து எஞ்சினியரை வரவழைத்தோம்.

வந்தவர் முதலில் சின்னச் சுத்தியலை எடுத்து சீலிங் முழுவதும் தட்டிக்கொண்டே போனார். நல்ல இடம் "ணங்" என்றது. உள்ளே பிரிந்த இடம் "பொத்" என்றது. பொத்தென்ற இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டமிட்டார். நாங்கள் கண்ணால் பார்த்தது ஒரு முறம் அளவு. அவர் வட்டமிட்டது அடுப்படிச் சீலிங்கில் பெரும்பகுதி. நாங்கள் பூசிப் பூசி மறைத்ததெல்லாம் அதற்குள் வந்தது. கம்பி தெரிந்த இடத்தில் துருவைச் சுரண்டச் சொல்லிவிட்டு வெர்னியர் வைத்து அளந்தார். 8 எம்எம் கம்பி 6 எம்எம்தான் இருந்தது. ரெண்டு எம்எம்தானே என்று தோன்றும். கம்பியின் பலம் விட்டத்தில் இல்லை, குறுக்குவெட்டுப் பரப்பில் இருக்கிறது. 8 எம்எம் 6 எம்எம் ஆனால் பரப்பில் கிட்டத்தட்ட 44 சதவீதம் போய்விட்டது.

அதற்கு முன்னால் ஒரு கான்ட்ராக்டர் வந்து பார்த்துவிட்டு, மொத்தமாக இடித்துப் புதிதாகக் கட்டுங்கள் என்று சொல்லிப் போயிருந்தார். எஞ்சினியர் எழுதிக் கொடுத்தது வேறு மாதிரி இருந்தது. அடுப்படித் தளத்தையும் சன்ஷேடுகளையும் உடைத்துப் புதிதாக வார்க்க வேண்டும், ஹால் தளம் ரிப்பேரில் நிற்கும், சுவருக்கும் அஸ்திவாரத்துக்கும் ஒன்றும் இல்லை. முழு வீட்டை இடிக்கிற செலவு எங்கே, இது எங்கே. அவருக்குக் கொடுத்த ஃபீஸை நான் செலவுக் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

அம்மா அந்த வட்டங்களைப் பார்த்துவிட்டு, "இதுக்குக் கீழயா இத்தனை வருஷம் சமைச்சேன்" என்று மட்டும் சொன்னார்.

2025 ஜூன் 22

யாரைக் கூப்பிடுவது என்று சிலர் கேட்கிறார்கள். பஞ்சாயத்து அப்ரூவலுக்கு பிளான் போட்டுக் கொடுப்பவர் எல்லாரும் இந்த வேலைக்கு ஆள் இல்லை. அறை எங்கே, ஜன்னல் எங்கே என்று வரைவது ஒரு வேலை. எடை எப்படி இறங்குகிறது, எவ்வளவு கம்பி வேண்டும் என்று கணக்குப் போடுவது வேறு வேலை. பழைய கட்டடங்களைச் சோதித்த அனுபவம் உண்டா என்று நேராகவே கேளுங்கள். ராமநாதபுரத்தில் கிடைக்காவிட்டால் மதுரை, காரைக்குடியில் விசாரியுங்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். ரிப்பேர் கான்ட்ராக்டையும் அவரே எடுப்பவராக இருந்தால் அவர் சொல்வதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசியுங்கள். கெமிக்கல் விற்பவர் "ஃப்ரீ இன்ஸ்பெக்‌ஷன்" என்று அனுப்பும் ஆளும் அதே கணக்குதான். நான் கடை நடத்தியவன், கடைக்காரன் எதைப் பார்த்தாலும் தன்னிடம் இருக்கும் சரக்கைத்தான் மருந்தாகச் சொல்வான்.

2025 ஜூன் 28

கீழக்கரையிலிருந்து ஒரு தம்பி (அங்கே காக்கா என்றால் அண்ணன், வாப்பா என்றால் அப்பா): "காக்கா, எங்க வாப்பா வீட்டு வாப்பா கட்டின வீடு. கல்யாணத்துக்கு முன்னால ரெண்டு அறையைச் சேர்த்து ஹாலாக்கணும், நடுச்சுவரை எடுத்துட்டு ஐ பீம் போட்டா போதும்ங்கறாங்க."

தம்பி, அது தூண், பீம் இல்லாத வீடு. சுவர்தான் தூண். அந்த நடுச்சுவரில்தான் மேல்மாடியின் பனங்கையும் (பனைமரச் சட்டம்) தளமும் உட்கார்ந்திருக்கும். முருகைக்கல்லும் (கடலில் எடுத்த பவளப்பாறைக் கல்) சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய சுவரென்றால் இன்னும் கவனம் வேண்டும். ஐ பீம் என்ற இரும்பு உத்திரம் போடுவதில் தப்பில்லை, ஆனால் அதன் இரண்டு முனையும் எங்கே உட்காரும்? இதுவரை நீளமான சுவர் முழுக்கப் பரவி இறங்கிய எடை இனி இரண்டே இடத்தில் குத்தும். சுண்ணாம்புக் கட்டு அந்தக் குத்தைத் தாங்குமா, அடியில் கான்கிரீட் மெத்தை எவ்வளவு வேண்டும், வேலை நடக்கும்போது மேல்தளத்தை எது தாங்கும் என்று கணக்குப் போட ஆள் வேண்டும். கல்யாணத் தேதிக்கு முன்னால் முடியாது என்று அவர் சொன்னால் பந்தல் போட்டுக் கல்யாணத்தை முடியுங்கள்.

சுண்ணாம்புச் சுவர் உதிர்கிறதே என்று சிமெண்ட் பூசிவிடாதீர்கள். அந்தச் சுவர் ஓதத்தை இழுத்து வெளியே விடும். சிமெண்ட் பூச்சு அதை அடைத்துவிட்டால் உப்பு உள்ளேயே படிந்து கல்லைப் பொடியாக்கும், பூச்சும் அப்பளமாகக் கழன்று வரும். சுண்ணாம்புக்குச் சுண்ணாம்புதான். கரைப்பக்கம் இன்னும் அந்த வேலை தெரிந்த பெரியவர்கள் சிலர் இருக்கிறார்கள், தேடிப் பிடியுங்கள்.

மாற்றுக் கல் வேண்டுமென்று கடலில் எடுக்கப் போகாதீர்கள். 1986-லேயே மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா வந்துவிட்டது, 2001-ல் பவளப்பாறைகளை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துவிட்டார்கள். இடித்த பழைய வீட்டுக் கல் கிடைத்தால் உண்டு.

தனுஷ்கோடி போனால் அந்தத் தேவாலயச் சுவரைக் கிட்டப்போய்ப் பாருங்கள். 1964 டிசம்பர் புயலுக்கும் அதன் பிறகு இத்தனை வருட உப்புக்காற்றுக்கும் கூரை போய்விட்டது, கல்லும் சுண்ணாம்புமான சுவரில் ஒரு பகுதி நிற்கிறது. உள்ளே துருப்பிடிக்க இரும்பு இல்லை. அதற்காக இன்றைக்கு எல்லாரும் முருகைக்கல்லில் கட்டலாம் என்று சொல்லவில்லை. இரும்பை உள்ளே வைத்துக் கட்டத் தொடங்கியதிலிருந்து அந்த இரும்பை உப்பிலிருந்து காப்பதுதான் நம் கரையில் வீட்டு வேலையின் பாதி.

2025 ஜூலை 6

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு. எஞ்சினியர் ரிப்பேருக்கு வருவதைவிட அஸ்திவாரத்துக்கு முன்னால் வருவது மலிவு.

ஐஎஸ் 456 என்று கான்கிரீட்டுக்கு ஒரு தர விதி இருக்கிறது, 2000-ல் திருத்தி வெளியிட்டது. அதில் கடலோரக் காற்று நேராகப் படும் கான்கிரீட்டைக் கடுமையான சூழல் என்று வகைப்படுத்தி, குறைந்தது எம்30 தரம், கம்பியை மூடும் கான்கிரீட், அதாவது கவர், 45 எம்எம், தண்ணீர் சிமெண்டின் எடையில் 0.45 பங்குக்கு மிகாமல் என்று எழுதியிருக்கிறது. அலைச்சாரல் தெறிக்கும் இடமென்றால் எம்35, 50 எம்எம். உப்புக்காற்று நேரடியாகப் படாத உள்பக்கத்துக்கு எம்25, 30 எம்எம்.

நம் ஊரில் நடப்பது என்ன? சிமெண்ட் ஒன்றுக்கு மணல் ரெண்டு, ஜல்லி நாலு என்று சட்டியால் அளந்து போடும் கலவை. கம்பியைத் தூக்கி நிறுத்தும் கவர் பிளாக்குக்குப் பதில் உடைந்த ஜல்லித் துண்டு. அதே விதி, அளவுச் சட்டிக் கலவையை எம்20 வரைக்கும்தான் அனுமதிக்கிறது. அதற்கு மேல் போனால் சோதித்துத் தீர்மானித்த மிக்ஸ் டிசைன் வேண்டும். ஆக, கடற்கரையில் வீடு கட்டினாலே கண் அளவில் கலக்கும் கலவைக்கு இடமில்லை.

சரி, கவரை மட்டும் நாமே கூட்டிக்கொள்ளலாமே என்று கடையில் நிறையப் பேர் கேட்பார்கள். கூடாது. 125 எம்எம் தளத்தில் 20 எம்எம் கவர் விட்டால் தளத்தின் மேல்பக்கத்திலிருந்து கம்பியின் நடு வரைக்கும் சுமார் 100 எம்எம் ஆழம் கிடைக்கும். அந்த ஆழம்தான் வளையாமல் பிடிக்கிறது. அதே தளத்தில் 45 எம்எம் கவர் விட்டால் ஆழம் 75 எம்எம் ஆகிவிடும். துருவிலிருந்து தப்பித்து வளைவில் மாட்டிக்கொள்வீர்கள். கவரைக் கூட்டினால் தளத்தையும் தடிமனாக்க வேண்டும், எடை கூடும், பீம் மாறும், அஸ்திவாரம் மாறும். அதனால்தான் கணக்கு.

தண்ணீர்: கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஒரு லிட்டர் கலவைத் தண்ணீரில் குளோரைடு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. கடல் நீரில் சுமார் 19,000 இருக்கும். உங்கள் போர் தண்ணீர் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்று ஒரு பாட்டிலில் எடுத்து ஆய்வகத்தில் கொடுத்தால் தெரிந்துவிடும். கலவைக்கு லாரித் தண்ணீர் வாங்கிவிட்டு தளத்தில் தேக்கி நிறுத்த உப்புத் தண்ணீரை விடுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன், அந்த உப்பும் உள்ளேதான் இறங்கும். சாதாரண ஓபிசி சிமெண்டுக்கு 7 நாள், சாம்பல் கலந்த பிபிசி அல்லது கசடு (ஸ்லாக்) சிமெண்டுக்கு 10 நாளாவது நல்ல தண்ணீர் காட்டுங்கள். குளோரைடு உள்ளே நுழைவதைத் தாமதப்படுத்துவதில் பின்னது இரண்டும் நல்லது.

"டிஎம்டி கம்பி போட்டிருக்கிறோம், துருப்பிடிக்காது" என்று நம்புகிறவர்களுக்கு: பிடிக்கும். என் கடை வாசலில் ஒரு மழைக்காலம் தாண்டிய கட்டுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

2025 ஜூலை 7

நேற்று அப்ரூவலைச் சொல்லாமல் விட்டேன். 2024 ஜூலையிலிருந்து தமிழ்நாட்டில் சுயசான்றுத் திட்டம் இருக்கிறது. 2500 சதுர அடி வரையிலான மனையில் 3500 சதுர அடி வரை, தரையும் முதல் தளமும் கொண்ட வீட்டுக்கு ஆன்லைனில் உடனே அனுமதி. நல்ல வசதிதான். ஆனால் யாரும் வந்து பார்க்காமல் வருகிற அனுமதி அது. தாள் கையில் இருப்பதால் பீம் சரியாக இருக்கிறது என்று ஆகிவிடாது.

2025 ஜூலை 7, மாலை

கமுதி, முதுகுளத்தூர்க்காரர்கள் இதையே தங்களுக்கும் எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்குக் கரிசல், மழையில் உப்பி வெயிலில் சுருங்கும் மண். அங்கே எஞ்சினியரைக் கூப்பிடும் காரணமே வேறு, அஸ்திவாரத்தின் வகையே மாறும். மண் பார்க்காமல் அஸ்திவாரக் குழி தோண்டாதீர்கள்.

2025 ஆகஸ்ட் 3

பால்கனி பற்றித் தனியாக எழுதச் சொன்னார்கள், இது முக்கியம்.

சாதாரணத் தளத்தில் முக்கியக் கம்பி அடியில் ஓடும். சுவரிலிருந்து அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பால்கனி, சன்ஷேடில் அது மேல்பக்கம் ஓட வேண்டும். கான்கிரீட் போடும்போது ஆட்கள் அந்தக் கம்பி மேல் ஏறி நடந்து மிதித்து அடிக்குத் தள்ளிவிடுவார்கள். வெளியே எதுவும் தெரியாது. சென்ட்ரிங் பிரித்த அன்றே சில விழும், சில வருடக்கணக்கில் நின்று, கைப்பிடிச் சுவரோ தொட்டிச் செடியோ ஏறியதும் விழும். மேல்பக்கத்தில் சுவரை ஒட்டி ஒரு விரிசல் தெரிந்தால் அதில் யாரையும் நிற்க விடாதீர்கள். மழைத் தண்ணீர் அந்த விரிசல் வழியாகத்தான் முக்கியக் கம்பிக்கே போய்ச் சேரும்.

பால்கனியைப் பின்னாலிருந்து பிடித்து வைத்திருப்பது உள்ளறைத் தளமும் அதன் மேல் உள்ள சுவரின் எடையும். உள்ளே ஒரு சுவரை இடிக்கும்போது வெளியே பால்கனி என்ன ஆகும் என்று யாரும் யோசிப்பதில்லை. ஜூன் 28-ல் கீழக்கரைத் தம்பிக்கு எழுதியதில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் டேங்கும் அப்படித்தான். 1000 லிட்டர் என்றால் ஒரு டன். வீட்டுத் தளத்தை வழக்கமாக ஒரு சதுர மீட்டருக்கு 200 கிலோ புழக்க எடைக்குக் கணக்கிடுவார்கள். டேங்கை அறையின் நடுவில் தளத்தின் மேல் நேராக வைக்காமல், சுவர்கள் அல்லது தூண்கள் மேல் மேடை கட்டி வையுங்கள்.

2025 ஆகஸ்ட் 24

கேள்வி கேட்ட உச்சிப்புளித் தம்பி எஞ்சினியரைக் கூட்டி வந்துவிட்டார். ரொம்ப சந்தோஷம். ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு எழுதுகிறேன்.

2025 ஆகஸ்ட் 25

படித்தேன். துளை போட்ட இடத்தில் ஃபினால்ப்தலீன் என்ற நிறங்காட்டித் திரவத்தைத் தெளித்ததும் கான்கிரீட் நல்ல ரோஸ் நிறமானதாம். அப்படியென்றால் கான்கிரீட்டின் காரத்தன்மை போகவில்லை, பயமில்லை என்று மச்சான் சொன்னாராம். பாதிதான் சரி. அந்தச் சோதனை காற்றில் உள்ள கார்பன் டை ஆக்சைடு செய்த சேதத்தை மட்டும் காட்டும். உப்பு உள்ளே வந்திருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. காரம் நிறைந்த கான்கிரீட்டுக்குள்ளேயே குளோரைடு கம்பியைத் தின்னும். நம் கரையில் நடப்பது பெரும்பாலும் இதுதான். நல்லவேளை, எஞ்சினியர் வெவ்வேறு ஆழத்தில் துளைத்த பொடியைக் குளோரைடு சோதனைக்கும் அனுப்பியிருக்கிறார். கம்பி ஆழத்திலேயே உப்பு இருக்கிறது.

கம்பியின் மின்னழுத்தத்தை அளக்கும் மில்லிவோல்ட் சோதனையும் செய்திருக்கிறார்கள். காப்பர் சல்பேட் மின்முனையை வைத்து அளக்கும்போது மைனஸ் 350-ஐத் தாண்டிப் போனால் அங்கே துரு நடந்துகொண்டிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. காரை விழாத, வெளியே ஒன்றும் தெரியாத இடங்களிலும் அப்படி வந்திருக்கிறது.

சுத்தியல்போல ஒரு கருவியை அழுத்திப் பார்த்து நம்பர் சொன்னார்களே என்கிறார் உச்சிப்புளித் தம்பி. அது மேற்பரப்பின் கடினத்தை அளப்பது. பழைய கான்கிரீட்டில் மேல்தோல் இறுகிப்போய் நம்பர் கூடுதலாகக் காட்டும். அதை மட்டும் வைத்து முடிவு செய்யும் எஞ்சினியர் இல்லை இவர், நல்ல ஆள்.

இப்போது ஜூன் 14-ல் எழுதியதற்கு ஒரு முக்கியச் சேர்ப்பு. பழைய கான்கிரீட்டைக் கம்பியின் பின்பக்கம் வரை கொத்தி, துருவை முழுதாக எடுத்து, தேய்ந்த இடத்தில் புதுக் கம்பி சேர்த்து, பாலிமர் கலவை போட்டால் அந்த இடம் சரியாகும் என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். அந்த இடம் சரியாகும், பக்கத்து இடம் கெடும். ஒரே கம்பியில் துருப்பிடிக்கும் பகுதி தன் பக்கத்துப் பகுதியைத் துருவிலிருந்து காத்துக்கொண்டிருக்கும், மின்வேதி முறையில். துருப்பிடித்த பகுதியைச் சுத்தம் செய்து உப்பில்லாத புதுக் கலவையில் வைத்ததும் அந்தக் காவல் போய்விடும். உப்பேறிய பக்கத்துப் பகுதி இனி தானே துருப்பிடிக்க ஆரம்பிக்கும். எங்கள் அடுப்படியில் ஒவ்வொரு பூச்சுக்கும் பக்கத்திலேயே அடுத்தது பெயர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்று மதுரை எஞ்சினியர் அன்றைக்கு விளக்கினார். அதனால் உப்பு கம்பி வரைக்கும் போய்விட்ட தளத்தில் எதுவரை கொத்துவது, கம்பிக்குப் பதில் தான் அரிபட்டுக் காக்கும் துத்தநாகத் துண்டு (ஆனோடு) வைப்பதா, தளத்தையே மாற்றுவதா என்பது கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியது இல்லை.

மாடி வேண்டாம் என்று எஞ்சினியர் எழுதிவிட்டார். குவைத்தில் இருக்கும் உங்கள் தம்பிக்கு வருத்தம் இருக்கும். வெயிலில் நின்று சம்பாதித்த காசு அது. பலமில்லாத தளத்தின் மேல் போய் அதைக் கொட்டாமல் தப்பித்தீர்கள். பின்னால் காலி இடம் இருக்கிறதே, தனி அஸ்திவாரத்தில், பழைய சுவரை ஒட்டாமல் இடைவெளி விட்டு இரண்டு அறை எடுக்க முடியுமா என்று அவரிடமே கேளுங்கள்.

2025 ஆகஸ்ட் 31

பாம்பன் பாலத்துக்குப் பேச்சு போய்விட்டது, போகட்டும். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலத்தில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். இந்த ஏப்ரல் 6-ல் திறந்த புதுப் பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்சேன் பூச்சும் போட்டிருக்கிறார்கள். அத்தனை பெரிய துறையே இந்தக் காற்றுக்குப் பயந்து கம்பியை மாற்றியிருக்கிறது. அரிப்பையும் ஆராயும் சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் காரைக்குடியில் இருக்கிறது, மண்டபத்திலும் உலோகங்களைக் காற்றில் வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். இந்தக் காற்றோடு வாழும் நாம் மட்டும் ரெட் ஆக்சைடை நம்பிக்கொண்டிருக்கிறோம்.

2025 அக்டோபர் 12

மழைக்கு முன்னால் ராமேஸ்வரத்துக்காரர்களுக்கு. போன வருடம் நவம்பர் 20-ம் தேதி ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியதே, அதற்குப் பிறகு சுவரில் படிக்கட்டு விரிசல் வந்ததாக இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். இரண்டுமே பள்ளத்தை மண் கொட்டி நிரப்பிய மனை.

விரிசல் இன்னும் நகர்கிறதா, நின்றுவிட்டதா என்று தெரிந்துகொள்ள வீட்டிலேயே வழி உண்டு. விரிசலின் இரண்டு நுனியிலும் பென்சிலால் குறுக்கே ஒரு கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். நடுவில் ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை இரண்டு பக்கமும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வைத்து ஒட்டுங்கள். சுவர் நகர்ந்தால் கண்ணாடி உடையும். போட்டோவும் எடுத்து வையுங்கள், பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து. எஞ்சினியர் வரும்போது இந்த மழைக்காலத்துப் பதிவு ஒரு மாதச் சோதனைக்குச் சமம். விரிசல் 5 எம்எம் தாண்டிவிட்டால் கண்ணாடி, பென்சிலெல்லாம் வேண்டாம், உடனே கூப்பிடுங்கள்.

2025 நவம்பர் 9

உச்சிப்புளித் தம்பி மறுபடி: சீலிங் ரிப்பேர் வேலையை இப்பவே ஆரம்பிக்கலாமா, சவுக்குக் கம்பு கைவசம் இருக்கிறது, முட்டுக் கொடுத்துக்கொள்கிறோம் என்கிறார்.

மழை முடியட்டும், ஜனவரிக்கு மேல் பாருங்கள். ஈரத்தில் அந்தப் பாலிமர் கலவை ஒட்டுவதும் காய்வதும் சிரமம். சவுக்குக் கம்பு வேண்டாம், இரும்பு ஜாக்கி வாடகைக்குக் கிடைக்கும். எத்தனை, எங்கெங்கே என்று எஞ்சினியர் தாளில் குறித்துக் கொடுக்க வேண்டும், சென்ட்ரிங்காரர் கணக்கில் விடாதீர்கள். முழுச் சீலிங்கையும் ஒரே நாளில் கொத்த விடாதீர்கள், பட்டை பட்டையாக, ஒன்றில் கலவை இறுகிய பிறகு அடுத்தது. கம்பியைச் சுத்தம் செய்து முடித்ததும், பூச்சு மூடுவதற்கு முன்னால், அவர் ஒரு தடவை நேரில் வந்து பார்க்க வேண்டும் என்று இப்போதே பேசி, அந்த வருகைக்கும் சேர்த்து ஃபீஸ் முடிவு பண்ணிவிடுங்கள். ஜாக்கிக்கு அடியில் பலகை போடுங்கள், இல்லாவிட்டால் டைல்ஸ் உடையும்.